எட்டு மில்லிமீட்டர் உலகம் – 9: முதலாளிக்கே உதவாத கட்டை

எட்டுக் குமிழ்க் கட்டை ஆறு இருந்தால் 91,51,03,765 விதமாகப் பூட்டலாம் என்பதோடு போன வாரம் நிறுத்தினோம். எண்ணிப் பார்த்து, தப்பு என்று இதுவரை யாரும் கடிதம் போடவில்லை. ஆகவே மேலே போகலாம்.

இந்த வாரம் சாவி மாட்டியும் பேனா ஸ்டாண்டும் செய்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்கான லெகோ கட்டைகளை மகள் நிறவாரியாகப் பிரித்து, காலி ஐஸ்கிரீம் டப்பாக்களில் போட்டு மேசைமேல் வைத்தும் விட்டாள். செவ்வாய்க்கிழமை இரவு சாவி மாட்டியின் உயரத்தைக் குறித்துக்கொள்ளலாம் என்று ஒரு கட்டையை எடுத்து அளந்தேன். வினை அங்கே பிடித்தது. கட்டுரை வியாழக்கிழமை காலை அச்சுக்குப் போக வேண்டும். இப்போது புதன் இரவு பதினொரு மணி. சாவிகள் இன்னும் டிவி மேல்தான் கிடக்கின்றன.

கட்டையில் ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் நடுவே 8 மி.மீ. தொடரின் பெயரே அதுதான், அதில் புதிது ஒன்றுமில்லை. ஆனால் கட்டையின் உயரம் 9.6 மி.மீ. (மேலே துருத்தும் குமிழைச் சேர்க்காமல்.) எட்டு வாரமாக இந்தக் கட்டைகளோடு குடித்தனம் நடத்துகிறேன், இந்த 1.6 மி.மீ. உபரியை ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. அகலமும் உயரமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத கட்டை! அகலம் ஐந்து பங்கு என்றால் உயரம் ஆறு பங்கு. ஐந்து கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் 48 மி.மீ. உயரம். அதே 48 மி.மீ. அகலம் வேண்டுமென்றால் ஆறு குமிழ் வேண்டும். கட்டங்களை எண்ணிச் சதுரச் சுவர் எழுப்பப் பார்க்கும் எந்தக் குழந்தையும் தோற்றுத்தான் போகும். அகலம் பத்துக் குமிழ், உயரம் பத்துக் கட்டை என்று அடுக்கினால் சுவர் நெட்டையாகிவிடும்.

குழந்தை தோற்பது இருக்கட்டும். இந்தக் கணக்கில் லெகோ கம்பெனி முதலாளியே தோற்றார் என்பதுதான் என் தூக்கத்தைக் கெடுத்த செய்தி.

காட்ஃப்ரெட் கிர்க் கிறிஸ்டியான்சன் நமக்குப் பழக்கமானவர்தான். டென்மார்க்கின் பில்லுண்ட் ஊர்க்காரர். 1958 ஜனவரி 28 அன்று, கட்டையின் அடிவயிற்றில் குழல் வைக்கும் யோசனைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பம் போட்டாரே, அவர். மூன்றாம் அத்தியாயத்தில் அவரைப் போதுமான அளவு புகழ்ந்தாகிவிட்டது. அந்தக் குழல்தான் கட்டைக்குக் கவ்வும் பிடியைக் கொடுத்தது. அன்று செய்த கட்டையை இன்று வாங்கிய கட்டையோடு சேர்த்தால் இன்றைக்கும் 'டக்' என்று பூட்டும்.

அந்த மனிதர் தனக்கென்று ஒரு வீடு கட்டத் திட்டமிட்டார். கட்டுவதற்கு முன் மாதிரி ஒன்று செய்து பார்க்க வேண்டும். கையில் என்ன இருக்கிறது? மலை மலையாகக் கட்டை. அப்புறம் யாராவது அட்டையையும் பசையையும் தேடிப் போவார்களா? லெகோ கட்டைகளிலேயே தன் வீட்டை அடுக்கிப் பார்த்தார். ஒத்து வரவில்லை. ஆறுக்கு ஐந்து என்ற அந்தக் கோணல் கணக்கு, வரைபடத்தின் அளவுகளோடு மல்லுக்கு நின்றது. சுவரின் நீளம் சரியாக வந்தால் உயரம் இடித்தது. உலகத்துப் பிள்ளைகளெல்லாம் வீடு கட்டக் கட்டை விற்ற மனிதருக்குத் தன் வீட்டை அதில் கட்டிப் பார்க்க முடியவில்லை.

நானாக இருந்தால் வீட்டின் வரைபடத்தை மாற்றியிருப்பேன். அவர் கட்டையை மாற்றினார். 1963இல் மாடுலெக்ஸ் என்று தனியாக ஒரு நிறுவனம் பிறந்தது. அதன் கட்டை 5 மி.மீ. அகலம், 5 மி.மீ. நீளம், 5 மி.மீ. உயரம். சுத்தமான கனசதுரம். ஏன் ஐந்து? கட்டடக் கலைஞர்கள் வீட்டை 10 செ.மீ. என்ற அடிப்படை அளவின் மடங்குகளில் திட்டமிடுவார்கள். இருபதில் ஒரு பங்காகச் சுருக்கி மாதிரி செய்தால் அந்த 10 செ.மீ. சரியாக 5 மி.மீ. ஆகிறது. குட்டிக் கட்டை ஒன்று என்றால் வீட்டில் 10 செ.மீ. என்று அர்த்தம். வரைபடத்தைப் பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை, கட்டையை எண்ணினால் போதும். நிறங்களும் பொம்மைக் கடை நிறங்கள் அல்ல. அலுவலகத்துக்கு ஏற்ற அடங்கிய நிறங்கள். லெகோ கட்டையோடு இது பூட்டாது. வீட்டுக்குள்ளேயே பிறந்து, அண்ணனோடு கை கோக்காத தம்பி.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் சாவி மாட்டிக்குத் திரும்பியிருப்பேன். மாடுலெக்ஸ் கட்டையைக் கட்டடக்காரர்கள் மட்டும் வாங்கவில்லை. தொழிற்சாலை மேலாளர்களும் வாங்கினார்கள். எந்த இயந்திரம் எந்த வாரம் எந்த வேலை, யாருக்கு எப்போது விடுமுறை, எந்தச் சரக்கு எந்தத் தேதியில் வெளியே போகிறது, இதையெல்லாம் சுவரில் மாட்டிய பலகையில் நிற நிறமான குட்டிக் கட்டைகளைக் குத்தி வைத்துக் காட்டினார்கள். திட்டம் மாறினால் அழிக்க வேண்டாம், அடிக்க வேண்டாம். கட்டையைப் பிடுங்கி அடுத்த கட்டத்தில் குத்தினால் முடிந்தது. கம்ப்யூட்டர் மேசைக்கு வராத காலத்தில் அதுதான் அலுவலகத்தின் அட்டவணை. பிறகு அந்த நிறுவனம் எழுத்துப் பலகைகள், வழிகாட்டிப் பலகைகள் என்று போய் அந்தத் தொழிலிலேயே நிலைத்துவிட்டது.

பொம்மைக் கட்டையிலிருந்து உருப்படியான பொருள் செய்வது எப்படி என்று ஒன்பது வாரமாக நான் உங்களிடம் கதை அளந்துகொண்டிருக்கிறேன். பொம்மைக்காரரே 1963இல் செய்து முடித்துவிட்டார். அதற்குக் கட்டையை மாற்ற வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இதில் இன்னொரு வேடிக்கை. காட்ஃப்ரெடின் அப்பா ஓலே கிர்க் தச்சர். 1916இல் பில்லுண்டில் பட்டறை வாங்கி வீட்டு வேலைகள் செய்துகொண்டிருந்தவர். உலகப் பொருளாதார மந்தத்தில் வீடு கட்டுவோர் குறைந்து, வேலை வற்றியது. 1932இல் சின்னச் சின்னப் பொருள்களுக்கு இறங்கினார். என்ன பொருள்கள் தெரியுமா? மடக்கு ஏணி, இஸ்திரிப் பலகை, முக்காலி. அவற்றோடு மரப் பொம்மைகளும். ஏணியும் முக்காலியும் பின்தங்கின, பொம்மை மட்டும் ஓடியது. 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் டேனிஷ் சொற்களைச் சுருக்கி 1934இல் கம்பெனிக்கு லெகோ என்று பெயரிட்டார். வீட்டுச் சாமானிலிருந்து பொம்மைக்குப் போனது அவருடைய வழி. பொம்மையிலிருந்து வீட்டுச் சாமானுக்கு வருவது நம்முடையது. நடுவழியில் எங்காவது அவரைச் சந்தித்தால், 'இஸ்திரிப் பலகைக்கு எத்தனை கட்டை பிடிக்கும் ஐயா?' என்று கேட்கலாம்.

சரி, 9.6க்கு வருவோம். முதலாளியைத் தோற்கடித்த அந்த எண் நமக்கு எப்படி உதவுகிறது?

அப்பளம் நினைவிருக்கிறதா? கட்டையில் மூன்றில் ஒரு பங்கு தடிமனுள்ள மெல்லிசுத் துண்டு. கடையில் இதற்கு பிளேட் என்று பெயர். என் மகள் வைத்த பெயரையே இத்தொடரில் வழங்கி வருகிறோம். அப்பளத்தின் தடிமன் 3.2 மி.மீ. மூன்று அப்பளம் அடுக்கினால் ஒரு கட்டை, 9.6. ஐந்து அப்பளம் அடுக்கினால்? 16 மி.மீ. அதாவது துல்லியமாக இரண்டு குமிழ் அகலம்! நெட்டுக்குத்து அளவும் படுக்கை அளவும் சண்டையை மறந்து சந்திக்கும் இடம் இதுதான். ஐந்து அப்பளத்தை அடுக்கி, பக்கவாட்டில் படுக்க வைத்து, இரண்டு குமிழ் இடைவெளிக்குள் செருகினால் கனகச்சிதமாக உட்காரும். கைதேர்ந்தவர்கள் கட்டையைப் பக்கம் பார்க்க, தலைகீழாக என்றெல்லாம் திருப்பிக் கட்டுவது இந்த ஐந்துக்கு இரண்டு கணக்கை வைத்துத்தான். செவ்வாய் இரவு ஒரு மணிக்கு இதைச் செய்து பார்த்துவிட்டு மனைவியை எழுப்பிக் காட்டினேன். அவள் சொன்னதை ஆசிரியர் அச்சிட மாட்டார்.

நமக்கு உதவுவது இந்த 3.2தான். எந்த உயரத்தைக் கொடுத்தாலும் 3.2 மி.மீ. படிகளில் அதை எட்டிப் பிடித்துவிடலாம். அதிகபட்சம் 1.6 மி.மீ. கூடும் அல்லது குறையும். ஆடும் மேசைக் காலுக்கு அட்டையை மடித்து வைக்கிறோமே, அந்த வேலையை அளந்து செய்வதற்கு ஈடானது இது. 10 செ.மீ. வேண்டுமா? பத்துக் கட்டை, மேலே ஓர் அப்பளம், 99.2. 15 செ.மீ. வேண்டுமா? பதினைந்து கட்டை, இரண்டு அப்பளம், 150.4.

நான் இப்போது வந்திருக்கும் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு இடமில்லாமல் போகும். கடையில் கிடைக்கும் பொருளைக் கட்டையில் செய்வது பொழுதுபோக்கு. கடையில் கிடைக்காத அளவைக் கட்டையில் செய்வதுதான் உபயோகம். பேனா ஸ்டாண்ட் பாத்திரக் கடை வாசலில்கூடத் தொங்குகிறது. உங்கள் வீட்டு அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் சந்தின் அளவில் எந்தக் கடையிலும் எதுவும் தொங்குவதில்லை.

1996இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் செய்தது இதைத்தான். பின்னாளில் கூகுள் ஆன தேடல் ஆராய்ச்சிக்காக, தலா 4 ஜிபி கொண்ட பத்து ஹார்டு டிஸ்க்குகளை ஒரே இடத்தில் அடுக்க வேண்டியிருந்தது. அந்த அளவுக்கு அலமாரி எங்கே போய் வாங்குவது? நிற நிறமான பிளாஸ்டிக் பொம்மைக் கட்டைகளில் ஒரு கூடு கட்டினார்கள். மொத்தம் 40 ஜிபி. இன்று உங்கள் சட்டைப் பையிலிருக்கும் போனில் அதைவிட அதிகம் கிடக்கும். அந்தக் கூட்டை ஸ்டான்ஃபோர்டில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

தலைகீழான உதாரணமும் உண்டு. 2009இல் பிரிட்டனின் ஜேம்ஸ் மே, பிபிசி நிகழ்ச்சிக்காக சர்ரே மாவட்டத்து டார்க்கிங்கில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் ஆள் குடியிருக்கும் அளவுக்கு லெகோ வீடு கட்டினார். 33 லட்சம் கட்டைகள், ஆயிரம் தொண்டர்கள். கழிப்பறையில் தண்ணீர் போனது, ஷவரில் வெந்நீர் வந்தது. கட்டிலும் கட்டைதான். அதில் ஓர் இரவு படுத்தார். எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்துகொள்ள, இருட்டில் கட்டைமேல் கால் வைத்த எந்தத் தகப்பனையும் கேட்கலாம். வீட்டை வேறிடத்துக்குக் கொண்டுபோகும் செலவு கட்டுப்படியாகாததால் அந்த மாதமே பிரித்துவிட்டார்கள். கட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும். அதைக் கட்டையில் செய்ததற்கு முதுகு கொடுத்த தண்டனை அது.

கடையில் கிடைக்காத அளவு என்றதும் இந்த வாரம் என் மனதை விட்டு நகராத ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஜெர்மனியில், பிராங்ஃபர்ட்டுக்குப் பக்கத்தில் ஹானாவ் என்று ஓர் ஊர். அங்கே ரீட்டா ஏபெல் என்பவரை எல்லோரும் 'லெகோ பாட்டி' என்று அழைக்கிறார்கள். கார் விபத்துக்குப் பிறகு பல்லாண்டுகளாகச் சக்கர நாற்காலியில் இருப்பவர். ஊர்க் கடைகளின் வாசலில் எல்லாம் ஒரு படி. நடப்பவர் கண்ணுக்கே படாத படி. நாற்காலியில் வருபவருக்கோ அதுவே மூடிய கதவு. ஒரு கடைக்கு மூன்று செ.மீ., பக்கத்துக் கடைக்கு ஏழு செ.மீ., மூலைக் கடைக்கு இன்னொன்று. எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே சாய்தளத்தை யார் விற்பார்கள்?

அவரும் கணவருமாக வீட்டு மேசையில் உட்கார்ந்து, நன்கொடையாக வரும் பழைய கட்டைகளைக் கொண்டு ஒவ்வொரு கடைக்கும் அதனதன் அளவில் சாய்தளம் கட்டிக் கொடுக்கத் தொடங்கினார்கள். ஒன்றுக்குப் பல நூறு கட்டைகள், எட்டு டியூப் வரை பசை. ஆஸ்திரியாவுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் செய்முறைக் குறிப்பு அனுப்பியிருக்கிறார். சாம்பல் சிமெண்ட் நிறத்தில் இருந்தால் யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக வாசலில் கிடப்பதை மிதித்துப் போகிறவர் ஒரு தடவையாவது குனிந்து பார்ப்பார். பார்த்தவருக்கு, இங்கே ஒரு படி இருந்ததே என்பது உறைக்கும்.

பசையா என்று நம் வாசகர்களில் பசை கூடாது என்னும் கட்சிக்காரர்கள் கொதிப்பது தெரிகிறது. நாலாம் அத்தியாயத்தில் பசை தொட்டவன் பாவி என்று எழுதியவன் நான்தான். ஆள் ஏறும் பொருளுக்கு அந்தச் சட்டம் செல்லாது. திருத்திக்கொள்கிறேன்.

ஆள் ஏறினால் நொறுங்காதா? நொறுங்காது. 2012இல் பிரிட்டனின் ஓப்பன் யுனிவர்சிட்டியில் நான்கு குமிழ்க் கட்டையை இயந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்த்தார்கள். சராசரியாக 4,240 நியூட்டன் வரை தாங்கியது. ஏறத்தாழ 432 கிலோ. கட்டைமேல் கட்டையாக 3,75,000 அடுக்கி மூன்றரை கிலோமீட்டர் உயரக் கோபுரம் எழுப்பினால்தான் அடிக்கட்டை நசுங்கும் என்று கணக்குச் சொன்னார்கள். ஆனால் இது நேராக மேலிருந்து அமுக்கும் பாரத்துக்கான கணக்கு. பக்கவாட்டில் தள்ளினால் கட்டை கழன்று வரும். கொத்தனார் செங்கல் வைக்கும்போது மூட்டுமேல் மூட்டு வராமல் தப்பித் தப்பி வைப்பாரே, அதே வேலை இங்கும் வேண்டும். மூட்டுகள் நேர்கோட்டில் வந்தால் சுவர் அந்தக் கோட்டில் பிளக்கும். அது சுண்ணாம்புச் சுவரானாலும் சரி, பிளாஸ்டிக் சுவரானாலும் சரி.

பாட்டியின் கதையைப் படித்த கையோடு டேப்பை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக் குளியலறைக்குப் போனேன். அம்மா ஆறு மாதமாக வாக்கர் பிடித்து நடக்கிறாள். குளியலறை நிலைப்படியில் வாக்கரைத் தூக்கி வைப்பதுதான் அவளுக்கு இமயமலை. அளந்தேன். 35 மி.மீ. எழுதிப் போட்டுப் பார்த்தேன்: மூன்று கட்டை 28.8, இரண்டு அப்பளம் 6.4, மொத்தம் 35.2. கால் மில்லிமீட்டர்கூட மிஞ்சவில்லை! இதைத்தான் சொல்கிறேன், இந்த எண் என்னைத் தூங்க விடவில்லை என்று.

சாய்தளத்துக்குப் பொதுவான இலக்கணம் பன்னிரண்டுக்கு ஒன்று. ஒரு பங்கு ஏற, பன்னிரண்டு பங்கு நீளம். ஓர் அப்பளம் 3.2 ஏறுகிறது. அதற்குப் பன்னிரண்டு மடங்கு 38.4. ஐந்து குமிழ் விட்டால் 40 மி.மீ., இலக்கணத்தைவிடக் கொஞ்சம் சௌகரியமான சாய்வு. ஐந்து ஐந்து குமிழாகப் பின்வாங்கிப் பதினோரு அப்பளம் ஏறினால் படி வந்துவிடும். நீளம் 44 செ.மீ. கதவின் அகலம் முழுக்க நிறைத்துக் கட்ட ஆயிரத்து இருநூறு கட்டைக்குமேல் வேண்டும். ஐஸ்கிரீம் டப்பாக்களில் அவ்வளவு இல்லை. ஒத்திகைக்காகப் பத்துக் குமிழ் அகலத்துக்கு ஒரு துண்டு கட்டினோம். மகள் கட்டினாள், நான் எண்ணிக் கொடுத்தேன்.

துண்டை நிலைப்படியோரம் வைத்தோம். உயரம் அச்சு அசலாகப் பொருந்தியது. காலால் லேசாகத் தள்ளினேன். ஈர டைல்ஸில் வழுக்கிக்கொண்டு வாளி வரைக்கும் போய் நின்றது. அம்மா வாசலில் வாக்கரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குடா இவ்வளவு பாடு? கொத்தனாரைக் கூப்பிட்டா ஒரு மணி நேர வேலை" என்றாள்.

"அவருக்கு எவ்வளவு சாய்வுன்னு சொல்லணுமே அம்மா."

"அதான் செஞ்சு வெச்சிருக்கியே, அதைக் காட்டேன்."

புதன் காலை கொத்தனார் வந்தார். பன்னிரண்டுக்கு ஒன்று என்று நான் ஆரம்பித்ததை அவர் காதில் வாங்கவில்லை. துண்டைக் கையில் வாங்கி, படியோரம் வைத்து, மேலே ஒரு பலகைச் சட்டத்தைச் சாய்த்து, சுவரில் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். "இந்த வாட்டம்தானே சார்?" அவ்வளவுதான். சிமெண்ட் குழைத்து, கோட்டுக்கு மட்டம் பார்த்து, வழுக்காமலிருக்க மேலே வாரியல் குச்சியால் கீறிவிட்டுப் போய்விட்டார். நாளை மறுநாள் காய்ந்துவிடும். அளந்து எழுதியிருந்த என் தாள் மேசையிலேயே கிடக்கிறது.

காட்ஃப்ரெடுக்குத் தன் வீட்டுக்காகக் கட்டையில் வேண்டியிருந்ததும் இதுதானே? குடியிருக்க அல்ல, கட்டப் போகிறவருக்குக் காட்ட.

செய்து பார்க்கக் கிளம்பும் வாசகர்களுக்கு அவசர எச்சரிக்கைகள், மூச்சு விடாமல். இந்தக் கட்டை 1963இலிருந்து ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக். நூறு டிகிரியைத் தாண்டும் சூட்டில் இளகத் தொடங்கும். ஆகவே அடுப்பிலிருந்து இறக்கிய சட்டிக்கு அடியில் வைக்கக் கூடாது. கழுவுவது கையால், 40 டிகிரிக்கு மேற்படாத வெதுவெதுப்பான நீரில். சாப்பிடும் பொருளை அதில் நேரடியாக வைக்க வேண்டாம். குமிழ் இடுக்கில் போன சாம்பாரை எந்தப் பிரஷ்ஷும் எடுக்காது. ஜன்னல் வெயிலில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் வெள்ளைக் கட்டை பழுப்பேறும். மெழுகுவர்த்தி ஸ்டாண்ட் செய்யலாமா என்று கேட்டு எழுதியவருக்கு: கூடாது, எரியும்.

உடைந்த கட்டையைக் குப்பையில் எறியவும் வேண்டாம். அது கடலுக்குப் போனால் என்ன ஆகும் என்று பாருங்கள். 1997 பிப்ரவரி 13 அன்று டோக்கியோ எக்ஸ்பிரஸ் என்ற கப்பல், இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அருகே பேரலையில் சாய்ந்து 62 கண்டெய்னர்களைக் கடலில் விட்டது. அவற்றில் ஒன்றில் ஏறத்தாழ 48 லட்சம் லெகோ துண்டுகள். அதிலும் பல ஆக்டோபஸ், துடுப்பு, முக்குளிப்பவரின் காற்றுக்குடுவை என்று கடல் சம்பந்தப்பட்ட பொம்மைகள்! கார்ன்வால் கரையில் இன்னும் ஒதுங்குகின்றன. கடலில் ஒரு கட்டை 100 முதல் 1,300 ஆண்டு வரை கிடக்கக்கூடும் என்று பிளைமவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் எழுதினார்கள். இது அடுத்த மாதத்துக்கு ஒதுக்கி வைத்திருந்த சரக்கு. கை தாங்கவில்லை, சொல்லிவிட்டேன். ஆக்டோபஸைப் பற்றி மட்டும் அப்போது விரிவாக.

சாவி மாட்டி என்ன ஆயிற்று? அடுத்த வாரம். இந்த முறை உறுதி. அகலம் பன்னிரண்டு குமிழ் என்பதுவரை முடிவாகிவிட்டது. அதற்குள் பொறுமையில்லாதவர்கள் ஒரு சின்ன வேலை செய்யலாம். லெகோ பொம்மை மனிதனின் கை ஆங்கில 'சி' எழுத்துப்போல வளைந்திருக்கும். 3.2 மி.மீ. தடிமனுள்ள குச்சியைப் பிடிப்பதற்கான கை அது. (அதே 3.2!) மெல்லிய போன் சார்ஜர் வயர் அதில் அமர்ந்துகொள்ளும். மேசை ஓரத்தில் ஓர் அப்பளத்தை இருபக்கப் பசை டேப்பால் ஒட்டி, மனிதனை அதன்மேல் நிறுத்தி, வயரைக் கையில் கொடுத்துவிடுங்கள். இனி வயர் மேசைக்கடியில் விழாது.

எங்கள் ஒத்திகைத் துண்டைப் பிரித்து டப்பாவில் போடப் போனபோது காணவில்லை. அம்மா எடுத்து, அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டி, காற்றில் படார் படாரென்று அடிக்கும் பால்கனிக் கதவுக்குக் கீழே செருகியிருந்தாள். பதினோரு படியில் நாலாவது படியில் கதவு பிடித்துக்கொண்டு நிற்கிறது. காலையிலிருந்து அடிக்கவில்லை.